கிளெமென்ற்றுக்கு வந்த கிரேக்கச் சோதனை

"அண்ணே, கிறீக் ஆள் ஒருத்தனைப் பிடிச்சிட்டன்!" என்று பிறெடி வாசலிலேயே கத்த, கிளெமென்ற்றின் தொண்டையில் பாண் துண்டு சிக்கியது.

"எங்கை பிடிச்சனீ?"

"துறைமுகத்திலைதான். கிறீக் கப்பலொண்டு வந்து நிக்குது. அதிலையிருந்து தாடியோடை ஒரு வெள்ளைக்காரன் ஞாயிறு பூசைக்கு வாறான். எங்கடை பைபிள் வகுப்புக்கும் வரச் சொல்லிட்டன். நீங்கள் கிறீக்கிலை வெளுத்து வாங்குங்கோ!"

கிளெமென்ற் வெளுத்துத்தான் போனார்.

கொட்டாஞ்சேனைப் பைபிள் வகுப்பில் வேதத்தின் மூலமொழியான கிரேக்கம் தெரிந்த ஒரே மனிதர் அவர். சூம் இணைய வகுப்பில் பழைய கிரேக்கம் படிக்கிறார். படிக்கிறார் என்றால், பாதி வகுப்பில் கொட்டாவி, மீதியில் சிக்னல் இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. புருசன் செத்த நாளிலிருந்து அழுதுகொண்டிருந்த நேசம் அக்காவிடம் ஒரு விளக்கம் சொல்லி வைத்திருந்தார். விதவைத் தாயிடம் இயேசு 'அழாதே' என்கிறாரே, மூலத்தில் அது 'அழுதது போதும் பிள்ளை' என்ற மாதிரி வரும் என்று. அன்றைக்கே நேசம் அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு, பூட்டிக் கிடந்த இடியப்பக் கடையைத் திறந்தார். அது சூம் வாத்தியார் சொன்னதா, அரைத்தூக்கத்தில் தானே கண்டுபிடித்ததா என்று கிளெமென்ற்றுக்கு நிச்சயமில்லை. வாத்தியாரிடம் கேட்கவும் பயம். இப்போது கிரேக்கன் வந்து 'பிழை' என்றால்? அந்த மனுசி திரும்பவும் கடையைப் பூட்டிவிட்டு அழ உட்கார்ந்துவிடுவாரே!

"தொண்டை கட்டிப் போச்சு. வகுப்பு வேண்டாம்," என்று செய்தி அனுப்பினார்.

நேசம் அக்கா கொத்தமல்லித் தண்ணியோடு வந்து நின்றார். "மடமடவெண்டு குடியுங்கோ தம்பி. நீங்கள் சொன்ன விளக்கத்தை அந்த ஆளிட்டையும் என்ரை காதாலை கேக்கோணும்."

போச்சடா! "இப்பத்தைக் கிறீக் ஆக்களுக்குப் பழைய கிறீக் விளங்காது அக்கா," என்று அவசரமாக ஒரு கதை விட்டார்.

அக்காவோடு கூட வந்திருந்த பிறெடிக்குப் புல்லரித்துவிட்டது. "அப்ப நீங்கள்தான் அவனுக்குப் படிப்பிக்கப் போறியள்!" என்று கோயில் முழுக்கச் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கதிரை போதவில்லை.

தாடிக்காரரை முன்வரிசையில் இருத்தினார்கள். கிளெமென்ற் எழுந்து கண்ணை இறுக மூடி, தனக்குப் பாடமான ஒரே கிரேக்கத்தை, பரலோக மந்திரச் செபத்தை, ஒரே மூச்சில் ஒப்பித்தார். தாடிக்காரர் பயபக்தியோடு தலையாட்டினார்.

நேசம் அக்கா விடவில்லை. "பிறெடி, கேள். 'அழுதது போதும்' எண்டுதானே கிறீக்கிலை கிடக்கு?"

பிறெடி இங்கிலீசில் கேட்டான். தாடிக்காரர் நேசம் அக்காவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யெஸ். வெரி கரெக்ட்!"

நேசம் அக்கா கிளெமென்ற்றின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கிளெமென்ற்றுக்கே அழுகை வந்துவிட்டது. ஆண்டவரே, உமக்குக் கோடி நன்றி! அந்தக் கிரேக்கனும் அவன் பிள்ளைகுட்டிகளும் நல்லாயிருக்கவேண்டும். இனி எந்த வகுப்பிலும் கண் மூடுவதில்லை என்று அங்கேயே நேர்ந்துகொண்டார்.

வகுப்பு முடிந்ததும் தாடிக்காரரைத் துறைமுகத்தில் விட்டுவிட்டு ஓட்டோக்கார றெஜி திரும்பி வந்தான்.

"றெஜி, அந்தக் கிறீக் மனுசனுக்கு என்ரை நன்றியைச் சொன்னனியோ?"

"கப்பல்தான் கிறீக், அண்ணே, ஆள் போலந்து. அந்த அம்மாவின்ரை முகத்தைப் பாத்து மனம் கேக்காமல் ஓமெண்டிட்டாராம், தான் சொன்னது சரியோ எண்டு கிறீக் தெரிஞ்ச உங்களட்டைக் கேட்டு வரச் சொன்னவர்!"