பிரிக்காத ஒயரும் தாய்மாமன் மடியும்

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்டு என் வாயைக் கிளறாதீர்கள், உக்கிரபாண்டி என்று ஒரு கரடி இருந்தது. அந்தக் காட்டிலேயே முதன்முதலில் பிளக்-இன் ஹைப்ரிட் கார் வாங்கிய கரடி அதுதான்.

அது என்ன கார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே வண்டி, வயிறு இரண்டு. ஒரு வயிறு பெட்ரோல் குடிக்கும். இன்னொரு வயிறு கரண்டு குடிக்கும். ராத்திரி ஒயரை மாட்டிவிட்டுப் படுத்தால், காலையில் நாற்பது மைல் வரைக்கும் ஒரு சொட்டுப் பெட்ரோல் வேண்டாம். அதற்கு மேலே போனால் தானாகப் பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும். இவ்வளவு பெரிய பெயர் உக்கிரபாண்டியின் வாயில் நுழையவில்லை. 'கரண்டு வண்டி' என்று சொல்லிக்கொண்டு திரிந்தது.

வண்டி வீட்டுக்கு வந்தது ஆனி மாதம் கடைசி நாள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். உடைத்த பூசணியைத் தின்ன வந்த காட்டுப்பன்றிகளுக்குத் திருஷ்டி பட்டு மூன்று நாள் காய்ச்சல் என்றால், வண்டி எவ்வளவு அழகாக இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கிக்குள், பளபளப்பான பிளாஸ்டிக் பையில், மலைப்பாம்பு கணக்காகச் சுருண்டு கிடந்தது சார்ஜ் ஒயர்.

"என்னங்க, ஒயரை ஒரு தடவை மாட்டிப் பார்ப்போமா?" என்று கேட்டது மனைவி பேச்சியம்மா.

"நாளைக்கு ஆடி பொறக்குது. ஆடியில எவனாச்சும் புதுசா ஒண்ணைத் தொடங்குவானா?"

சரி, ஆவணியில் பார்க்கலாம் என்று விட்டார்கள். ஆவணியில் மின்மினி வாரியம் குறுக்கே வந்தது. அந்தக் காட்டில் கரண்டு கொடுப்பது மின்மினிப் பூச்சிகள். தூக்கணாங்குருவிக் கூட்டில் களிமண் உருண்டையை வைத்து அதில் ஒட்டிக்கொண்டு வேலை பார்க்கும். புது இணைப்புக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் 'தற்போதைய இணைப்பு எண்' என்று ஒரு கட்டம்.

"இணைப்பு இல்லாமத்தானே உங்கிட்ட வந்து நிக்கிறேன்?" என்றது கரடி.

"இல்லாதவங்களுக்குக் கொடுக்கிற பழக்கம் இங்க கிடையாது," என்றது மின்மினி.

அந்தக் கட்டத்தை நிரப்புவதற்குள் புரட்டாசி வந்தது. புரட்டாசியில் நல்ல காரியம் செய்ய மாட்டார்கள். ஐப்பசியில் மழை, மின்மினிகள் நனைந்து போயின. மார்கழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தை பிறந்தது, இணைப்பும் வந்தது. ஆனால் அதற்குள் அந்தப் பிளாஸ்டிக் பையின் மேல் உக்கிரபாண்டிக்கு ஒரு பாசம் வந்துவிட்டது.

"பிரிச்சா அழுக்காயிரும் பேச்சி. எப்படி மினுங்குது பாரு. இன்னொரு நல்ல நாளாப் பார்த்துப் பிரிப்போம்."

ஆக, கரண்டு வண்டி ஒரு வருடமாகப் பெட்ரோலில் ஓடியது. சும்மா ஓடவில்லை. காலி பேட்டரி யானைக்குட்டி கனம். அதையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஓடியதால் இரண்டு வண்டி குடிப்பதை ஒரே வண்டி குடித்தது. மலைக்குப் பின்னால் பெட்ரோல் பங்க் வைத்திருந்த கீரிக்கு மட்டும்தான் இந்த ரகசியம் தெரியும்.

"அண்ணே, இந்தக் காட்டுலயே அதிகமாப் பெட்ரோல் குடிக்கிறது உங்க கரண்டு வண்டிதாண்ணே."

"மெதுவாப் பேசுடா. மரத்துக்குக் காது இருக்கு."

ஆனால் சனிக்கிழமை ஆனால் போதும். 'வன உறவுகள்' வாட்ஸப் குரூப்பில் உக்கிரபாண்டியின் ரிவ்யூ வந்துவிடும். "இன்றோடு முந்நூறு நாள். பெட்ரோல் வாசனை எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது." கூடவே ஒரு படம், பானெட்டில் சாய்ந்துகொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு.

இந்த ரிவ்யூக்களை ஒன்று விடாமல் படித்துவந்தது நமசிவாயம் என்ற முள்ளம்பன்றி. காட்டு நில அலுவலகத்தில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றது. ஒரு குடை வாங்குவதற்கு முன்னால் அடுத்தவன் குடையில் ஒரு மழைக்காலம் முழுக்க நின்று பார்க்கும் ரகம்.

அது ஒருநாள் வந்து சொன்னது: "பாண்டி, நானும் இந்த வண்டிதான் எடுக்கப் போறேன். உன் பேச்சை நம்பாம இல்ல. ஆனா ஒரு தடவை உள்ள உட்கார்ந்து வந்து பார்த்துடறேன். கம்பெனிக்காரன் கொடுத்த ரிவ்யூ படிவமும் கையில வெச்சிருக்கேன்."

"அதுக்கென்ன சார்? ஞாயித்துக்கிழமை தேன்மலைக்குப் போறோம். ஏறிக்குங்க," என்றது கரடி. நாக்குக்கு எலும்பு ஏது? சொல்லிவிட்டது.

தேன்மலையில் உக்கிரபாண்டியின் தங்கச்சி ஒச்சம்மாவின் குட்டிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பத்து மணிக்கு நல்ல நேரம் முடிகிறது. அதற்குள் தாய்மாமன் வரவில்லை என்றால், அந்த மடியைக் கொடுக்கப் பெரியப்பா மகன் மொக்கராசு தயாராக இருந்தது. ஒருமுறை மடி கொடுத்தவன்தான் காலத்துக்கும் தாய்மாமன். பிறகு குட்டியின் கல்யாணத்தில் முதல் மாலையும் அவனுக்கே. மொக்கராசுவிடம் புகை கக்கும் பழைய டீசல் ஜீப் ஒன்று இருந்தது. போன பொங்கலுக்கே அது சொல்லியிருந்தது: "கரண்டு முந்துதா டீசல் முந்துதான்னு மடியில பார்ப்போம் பங்காளி."

ஒச்சம்மா மூன்று தடவை போன் செய்துவிட்டது. "அண்ணே, என் மானத்தைக் காப்பாத்துங்க. என் பிள்ளை அந்த மொக்கராசு மடியில உட்கார்ந்து எந்திரிச்சா நான் உசுரோட இருக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். பின் சீட்டில் முள்ளம்பன்றி உட்கார்ந்ததும் சீட்டின் பிரிக்காத பிளாஸ்டிக் உறை டப் டப் டப்பென்று இருபது இடத்தில் வெடித்தது. ஒவ்வொரு டப்புக்கும் கரடி ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தது. பெட்ரோல் முள் சிவப்புக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. வழக்கம்போல வழியில் போட்டுக்கொள்ளலாம் என்று கரடி நினைத்திருந்தது. பின்னால் இருந்த ஆளை மறந்துவிட்டது.

"அது என்ன முள், பாண்டி?"

"அதா சார்? சும்மா அழகுக்கு வெச்சிருக்கான்."

பங்க் வந்தது. தூரத்திலேயே வண்டியைப் பார்த்துவிட்ட கீரி, குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆவலாகக் கை காட்டியது.

"யாரோ உன்னைக் கூப்பிடற மாதிரி இருக்கே?"

"ஒரு வருஷமா வியாபாரம் போச்சுல்ல சார். அந்த ஏக்கம்."

பேச்சியம்மா கரடியின் தொடையில் கிள்ளி, பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தது: "போட்டுட்டுப் போங்க. மடி போயிரும்."

"போட்டா மானம் போயிரும்," என்று அதே சுருதியில் முணுமுணுத்துவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தது கரடி. கீரி குழாயோடு நின்றது.

அடுத்த திருப்பத்தில் பெரியகருப்பன் என்ற யானை தும்பிக்கையை நீட்டி லிப்ட் கேட்டது. அதுவும் அதே விசேஷத்துக்குத்தான் நடந்து போய்க்கொண்டிருந்தது. "கால் கடுக்குது மாப்ளே, ஒரு ஓரமா உட்கார்ந்துக்கிறேன்."

"பேட்டரி தாங்காது மச்சான்!" என்று கத்திவிட்டு, புழுதியை அதன் முகத்தில் அடித்துக்கொண்டு வண்டி பறந்தது.

தேன்மலைக்கு இரண்டு மைல் இருக்கும். மூங்கில் தோப்பு நடுவில் வண்டி மூன்று தரம் இருமியது. நின்றுவிட்டது. மணி ஒன்பதே கால். மலையிலிருந்து மேளச் சத்தம் லேசாகக் கேட்டது.

"என்ன ஆச்சு?" என்றது முள்ளம்பன்றி.

"யோசிக்குது சார். எந்த வயித்துல போறதுன்னு."

பேச்சியம்மா இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தது. ஒயர்ப் பையை எடுத்தது. கரடி ஓடிவந்து, "கிழிக்காத, பேச்சி. ஒட்டின டேப்பை நகத்தால மெதுவா..." என்பதற்குள் சர்ரென்று ஒரே கிழி. ஒரு வருடப் பாசம் தரையில் விழுந்தது.

பக்கத்து மூங்கிலில் தூக்கணாங்குருவிக் கூடு ஒன்று தொங்கியது. அதன் அடியில் பிளக் பாயின்ட்டும் இருந்தது. பேச்சியம்மா ஒயரைச் சொருகியது. ஒன்றும் நடக்கவில்லை. கூட்டைத் தட்டினதும் ஒரு மின்மினி ஒற்றைக் கண்ணைத் திறந்தது.

"பகல்ல சப்ளை இல்ல."

"பின்ன எப்ப?"

"நாங்க எப்ப எரிவோம்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்மா." கண்ணை மூடிக்கொண்டது.

உக்கிரபாண்டி அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. நடந்துபோய்ப் பழக்கம் விட்டு ஒரு வருடமாகிறது. இரண்டு மைல் ஓடினால் தாய்மாமன் போய்ச் சேராது, நாக்குதான் போய்ச் சேரும். காலியான தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தது. "என் தங்கச்சி வாசலைப் பார்த்துக்கிட்டே நிப்பா, பேச்சி," என்றது.

அப்போது பின்னால் தொம் தொம்மென்று காலடிச் சத்தம். பெரியகருப்பன்.

"என்ன மாப்ளே, பேட்டரி தாங்குச்சா?"

கரடி தலையைத் தூக்கவில்லை. பேச்சியம்மாதான் முன்னால் போனது. "அண்ணே, இவருக்குப் புத்தி கிடையாது, உங்களுக்குத் தெரியாததா? தங்கச்சிக்காக மனசு வைங்கண்ணே. பத்து மணிக்குள்ள போகலைன்னா மொக்கராசு உட்கார்ந்துருவான்."

யானை பெருமூச்சு விட்டது. மூங்கில்கள் சாய்ந்து நிமிர்ந்தன. "மொக்கராசா? அவன் ஜீப்பும் எனக்கு லிப்ட் கொடுக்கலை. புகைதான் கொடுத்துச்சு. கயிறு இருக்கா?"

கயிறு இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒயரைப் பார்த்தார்கள்.

ஒயரின் ஒரு முனையை வண்டியின் மூக்குக்குப் பக்கத்தில் இருந்த ஓட்டையில் சொருகியதும் டக்கென்று பூட்டிக்கொண்டது. திரையில் பச்சை எழுத்து வந்தது: 'இணைக்கப்பட்டது.' மறுமுனையை யானை தன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டது.

"ஒரே ஒரு விஷயம்," என்றது, முள்ளம்பன்றியின் கையில் இருந்த படிவத்தைப் பார்த்து. "நாளைக்கு இதை எழுதுவீங்கல்ல? அதுல என்னைப் பத்தி ரெண்டு வரி வரணும்."

"கட்டம் இருந்தா கட்டாயம் எழுதுறேன்," என்று வாக்குக் கொடுத்தது முள்ளம்பன்றி.

தேன்மலையில் மணி பத்தாக ஐந்து நிமிடம். காது குத்தும் மரங்கொத்தி ஆசாரி அலகைத் தீட்டி முடித்துவிட்டது. குட்டி மொக்கராசுவின் மடியில் உட்கார்ந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. ஒச்சம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றது. மொக்கராசு மீசையைத் தடவி, "குத்துங்க ஆசாரி, எவனுக்காக நிக்கிறீங்க?" என்றது.

கூட்டத்தின் கடைசியில் ஒரு சலசலப்பு. "அடேயப்பா! தாய்மாமன் யானை கட்டி வர்றாண்டா!"

முன்னால் யானை. பின்னால் வெயிலில் மினுங்கும் புத்தம் புது ஒயர். அதற்குப் பின்னால் இஞ்சின் சத்தம் என்று ஒரு முணுக்கு இல்லாமல் தேர் மாதிரி நகர்ந்து வந்தது கரண்டு வண்டி. மேளக்காரக் குரங்குகள் தாமாகவே சாமி புறப்பாட்டு அடிக்கு மாறிவிட்டன. ஆளாளுக்குப் போனைத் தூக்கினார்கள்.

மொக்கராசுவுக்கு முன்னால் நின்ற கூட்டம் மறைத்தது. என்னதான் வருகிறது என்று பார்க்க அது எழுந்து நின்றது. நின்றவனுக்கு மடி ஏது? குட்டி உருண்டு விழுந்தது. வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்த உக்கிரபாண்டி தரையில் சறுக்கிப் போய் உட்கார்ந்த இடத்தில், சரியாக அதன் மடியில் வந்து விழுந்தது குட்டி.

"ஆசாரி, நேரம் இருக்கா?"

"ஒரு நிமிஷம் இருக்கு."

டொக். டொக். இரண்டு காதும் முடிந்தது. குட்டி வலி தாங்காமல் தாய்மாமனின் மூக்கைக் கடித்தது. மாமன் சந்தோஷத்தில் அழுதது. மூக்கு வலியில் அழுதது என்று மொக்கராசு இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறது.

மறுநாள் முள்ளம்பன்றி படிவத்தை நிரப்ப உட்கார்ந்தது. பொய் என்ற ஒன்று அதன் பேனாவிலிருந்து வந்ததே கிடையாது. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதியது.

பெட்ரோல் செலவு: கடைசி இரண்டு மைலுக்கு ஒரு சொட்டுகூட இல்லை. சத்தம்: அறவே இல்லை. ஒயரை மாட்டிய எவ்வளவு நேரத்தில் வண்டி கிளம்பியது: உடனே. ஒயரின் உறுதி: என் வாழ்நாளில் கண்டதில்லை. சேரவேண்டிய இடத்துக்கு நேரத்துக்குச் சேர்த்ததா: ஒரு நிமிடம் மீதம் வைத்துச் சேர்த்தது. ஐந்து நட்சத்திரம்.

யானைக்கு என்று ஒரு கட்டத்தைத் தேடிப் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டியது. இல்லை. கட்டத்துக்கு வெளியே எழுதினால் விண்ணப்பம் செல்லாது என்பது முப்பது வருட அனுபவம். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டது.

ஒரே வாரத்தில் அந்தக் காட்டில் நாற்பது வண்டி புக்கிங் ஆனது. முதல் புக்கிங் மொக்கராசு.

பெரியகருப்பன் மூன்று நாள் பொறுத்துப் பார்த்தது. நாலாம் நாள் குரூப்பில் எழுதியது: "அந்த வண்டியை இழுத்துக்கொண்டு வந்தது நான். முன்பக்கம் வசதியே போதாது. இரண்டு மைலும் நடந்தேதான் வந்தேன். கழுத்து இன்னும் வலிக்கிறது. ஒரு நட்சத்திரம்."

அணில் கேட்டது: "உங்ககிட்ட அந்த வண்டி இருக்கா?"

"இல்லை."

"பின்ன எதை வெச்சு ரிவ்யூ போடுறீங்க?"

"வாங்க வக்கில்லாதவன் வயித்தெரிச்சல்," என்றது மொக்கராசு. அதற்கு எழுபத்திரண்டு கட்டைவிரல் விழுந்தது. எழுபத்து மூன்றாவது உக்கிரபாண்டியுடையது.

பேச்சியம்மா மட்டும் யாருக்கும் சொல்லாமல் ஒரு குலை வாழைப்பழம் கொண்டுபோய் யானைக்குக் கொடுத்துவிட்டு, கழுத்துக்குத் தைலமும் தேய்த்துவிட்டு வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், உக்கிரபாண்டி அந்த ஒயரைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, புதுப் பிளாஸ்டிக் பை ஒன்றில் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தது.

"மாட்டலையா?"

"நாளைக்கு ஆடி பொறக்குது, பேச்சி."

நீதி: வண்டி எப்படி ஓடுகிறது என்பதை அதில் உட்கார்ந்து வந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்க. இழுத்து வந்தவரிடம் கேட்கவே கேட்காதீர். அவருக்குச் சொந்தமாக வண்டி கிடையாது.