விழுந்த பங்கை வாங்கியது யார்?

பங்குதாரர் கூட்டத்தின் முன்வரிசையில் பார்க்காமல் உட்கார்ந்த கண்ணாடிக்காரருக்கு அடியிலிருந்து மேளச் சத்தம் கேட்டது. துள்ளி எழுந்தார். நாற்காலியில் ஒரு பொம்மைக் கரடி விடாமல் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது?"

"அன்பளிப்பு சார். பங்குதாரர் எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு," என்றார் முதலாளி.

"விக்காத சரக்கை எங்க தலையில கட்டப் பாக்கறீங்களா?"

"ரொம்ப நன்றி சார்."

திட்டினாலும் நன்றி சொல்வது முதலாளியின் சுபாவம். இன்றைக்கு அதற்குக் காரணமும் இருந்தது. அவருடைய பொம்மைக் கம்பெனியின் பங்கு விலை ஒரு டீ விலைக்கும் கீழே போய்விட்டது. கம்பெனியை மூடலாமா என்று பங்குதாரர்கள் இன்று முடிவு செய்யப் போகிறார்கள். மூடினால், அரைச் சம்பளத்திலும் கூடவே நின்ற தொழிலாளிகள் தெருவுக்கு வந்துவிடுவார்கள்.

ஆனால் வருஷம் முழுக்க ஊரே விற்றுத் தள்ளிய பங்கை யாரோ ஒரு புண்ணியவான் வாங்கிக்கொண்டே இருந்தார். யாரென்று தரகர் மூச்சு விடவில்லை. அந்த மகராசன் இந்த அறையில்தான் இருக்க வேண்டும். முகம் தெரியாததால் முதலாளி எல்லாரையும் தாங்கு தாங்கென்று தாங்கினார்.

கரடிதான் வம்பு என்று நாற்காலி நாற்காலியாக ஓடி எல்லாவற்றையும் பொறுக்கினார். அவசரத்தில் சாவிகள் திருகிக்கொண்டன. கை நிறையக் கரடிகள், எல்லாம் ஒரே நேரத்தில் கொட்ட ஆரம்பித்தன. ஒரு கரடியின் குச்சி கழன்று பறந்து கண்ணாடிக்காரரின் காபியில் விழுந்தது.

"இதான் உங்க தரமா?"

"நன்றி சார், இதோ வேற காபி."

காபியோடு பெரிய கேக் துண்டும் வந்தது.

"நஷ்டத்துல ஓடற கம்பெனிக்குக் கேக் ஒரு கேடா? பணம் எங்க போகுதுன்னு இப்பல்ல புரியுது!"

அதுவரை சும்மா இருந்தவர்களும் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

"மூடலாம்ங்கறவங்க கை தூக்குங்க," என்றார் கணக்கர்.

தூக்காத கை இல்லை. கரடிகளை அணைத்தபடி நின்ற முதலாளிக்கு வாயில் நன்றிகூட வரவில்லை.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அவர் மனைவி வந்தாள். பின்னாலேயே மூச்சிரைக்க அவளைப் பெற்ற மாமியார்.

"மூடக் கூடாது," என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரர் சிரித்தார். "அதைச் சொல்ல நீங்க யாரும்மா?"

மூலையிலிருந்த தரகர் எழுந்தார். "இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது? பாதிக்கு மேல பங்கு இவங்ககிட்டதான் இருக்கு. தன்னோட தையல் கடை வருமானத்துல கொஞ்சம் கொஞ்சமா வாங்கினாங்க."

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கம்பெனி பிழைத்தது. வாசலில் காத்திருந்த தொழிலாளிகள் போட்ட கூச்சலில் மேளச் சத்தம் அமுங்கிப்போனது.

முதலாளிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊரெல்லாம் தேடிய தெய்வம் தன் வீட்டிலேயே தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறது! மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு நான் எப்படி நன்றி சொல்லுவேன்? ஊரே சந்தேகப்பட்டப்போ என் மேல உனக்கு இவ்வளவு நம்பிக்கையா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். மூச்சு வாங்கியபடி மாமியார்தான் பதில் சொன்னார்.

"நம்பிக்கையாவது ஒண்ணாவது மாப்பிள்ளை! கம்பெனிய மூடிட்டா நீங்க நாள் பூரா வீட்லயே இருப்பீங்களேன்னுதான்!"