கொம்புப் பிடியைத் தொட்ட கதை

ஒரு தொழிலில் ஒன்றுமே தெரியாதவனால் ஆபத்து கிடையாது. பயந்துகொண்டு சும்மா இருப்பான். மூன்று மாதம் பழகியவன்தான் குடியைக் கெடுப்பவன். நான் ரங்கூன் மொகல் தெருவில் ஒரு துப்பாக்கிக் கடையில் சரியாக மூன்று மாதம் பழகியிருந்தேன். இருபத்தைந்தாம் வருஷம் என்று நினைவு. எனக்கு வயது இருபது.

அதுவரை நான் கற்ற ஒரே வித்தை, பழைய ரிவால்வருக்கு ஜோடி பார்ப்பது. கைப்பிடியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கட்டை வைத்துத் திருகியிருக்கும். கழற்றி உட்புறம் பார்த்தால் துப்பாக்கியின் எண் இருக்க வேண்டும். எண் இல்லை, இரும்புக்கும் கட்டைக்கும் நடுவே நகம் வேறு நுழைகிறது என்றால், அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட மாற்றுக் கட்டை. இந்த ஞானம் வந்த பிறகு எதைப் பார்த்தாலும் ஜோடி பார்த்தேன். (எதிர்வீட்டுப் புது மாப்பிள்ளை பெண்ணைக்கூட விடவில்லை.)

ஒருநாள் காலை மாவ்பியிலிருந்து ரயிலேறி ஞானம்மாள் என்பவர் வந்தார். நெல் வியாபாரம் செய்த கணவர் இறந்து இரண்டு மாதம். கொள்ளைக்காரருக்குப் பயந்து அவர் வைத்திருந்த ரிவால்வரின் லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றவேண்டும். அதற்கு முன்னால் சுத்தம் செய்ய வேண்டும்.

"துருவை எடுத்து எண்ணெய் போட்டாப் போதும் தம்பி. வேற ஒண்ணையும் தொடாதீங்க. அவரு கையில இருந்த சாமான். அப்படியே எங்கிட்ட இருக்கணும்."

"கவலையே படாதீங்கம்மா" என்றேன், பெரிய மனுஷனாட்டம்.

முதலாளி பெகுவுக்குப் போயிருந்தார். கை சும்மா இருக்குமா? பிடியைக் கழற்றினேன். இடப்பக்கம் அசல் வால்நட் கட்டை, எண்ணோடு. வலப்பக்கமோ எருமைக் கொம்பு! உள்ளே எண் இல்லை. வெறும் அரம் போட்ட கீறல். 'ஐயோ பாவம், அந்த மனுஷனை எவனோ நன்றாக ஏமாற்றியிருக்கிறான்' என்று உருகிப்போனேன். கழிவுப் பெட்டியைக் கிளறி ஒரு வால்நட் கட்டையை எடுத்து, அளவாகத் தேய்த்து, காசுக்கட்டி கரைத்து நிறமேற்றி மாட்டினேன். இரட்டைப் பிள்ளைகள் தோற்கும். வீட்டில் பிரித்துப் பார்த்து மகிழட்டும் என்று உறைக்குள் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மாள் நம்பி, பிரிக்காமலே கொண்டுபோனார்.

மூன்றாம் நாள் மத்தியானம் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"என்ன தம்பி செஞ்சு வச்சீங்க? லைசென்ஸ் ஆபீசுல ஊ சேன்னு ஒரு பர்மாக்கார எழுத்தரு, புத்தகத்தைப் பாக்குறாரு, துப்பாக்கியைப் பாக்குறாரு, 'மஹொப்பூ, இல்லவே இல்லை, இது அது இல்லை'ங்கிறாரு!"

அந்த ரிவால்வரின் உடம்பில் எண் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. லைசென்ஸில் எழுதியிருந்த அடையாளம் ஒன்றே ஒன்றுதான்: பிடியில் ஒரு பக்கம் மரம், மறுபக்கம் எருமைக் கொம்பு.

"நாலு மணிக்குள்ள பழைய கொம்பை மாட்டிக் காட்டினா விட்டுடுறேன்னாரு. இல்லாட்டி சர்க்காருக்குப் போயிடுமாம். குடுங்க தம்பி, ஓடணும்."

கொம்பு என் சட்டைப் பையில்தான் இருந்தது. அந்த நாளில் என் உதட்டுக்கு மேலே பதினெட்டு முடிகள் இருந்தன. (எண்ணியிருக்கிறேன்.) அவற்றைச் சீவ ஒன்றும் இல்லையே என்ற குறையை, வீணாகக் கிடந்த கொம்பில் பல் வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

எடுத்து நீட்டினேன்.

"இது என்ன தம்பி?"

"மீசைச் சீப்பும்மா."

இரண்டு பேரும் ரிக்‌ஷாவில் பறந்தோம். ஆபீசில், பல் வரிசை வெளியே தெரிய, அந்தச் சீப்பை ரிவால்வரில் வைத்துத் திருகிக் காட்டினேன். அங்கே இருந்த அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஊ சேன் சிரிக்கவில்லை. ஞானம்மாளின் முகத்தைப் பார்த்தார், புத்தகத்தை இன்னொரு தரம் படித்தார், இல்லையென்று தலையை ஆட்டினார். பிறகு சீப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ரிவால்வரை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

வெளியே படியில் அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார்.

"மரக்கட்டை உடைஞ்ச வருஷம், மழைக்காலம் பூரா உக்காந்து அவரே தேச்சது தம்பி. அவரு கட்டைவிரலு பதியறதுக்குன்னு இங்க ஒரு பள்ளம் இருக்கும், பாருங்க."

பார்த்தேன். அந்த இடத்தில்தான் பல் வெட்டியிருந்தேன். நடுத்தெரு என்றும் பாராமல் அழுதேன். அந்தப் பதினெட்டு முடியையும் அன்று சாயங்காலமே சிரைத்தேன். அதற்கப்புறம் மீசை வைக்கவே இல்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது, கேட்காமலே எதையாவது சரிபண்ணக் கிளம்பினால், "போச்சு, மீசைச் சீப்பு!" என்று என் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நானே கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். ஆனால் ஆபீசில் எல்லாரும் சிரித்ததோடு நிறுத்திக்கொள்வேன். படியில் நடந்ததைச் சொல்லமாட்டேன்.

அன்று அந்தப் படியில் அந்த அம்மாள் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. சீப்பை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நல்லா சீவ வருதா தம்பி?"

"வருதும்மா."

"வரும். அவரு கைவேலையில்ல!" என்றார். முந்தானையில் அதை முடிந்துகொண்டு, ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.