தண்ணீருக்குள் போன கோப்பையும் விசிலாரும்

சிங்கப்பூரில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர் மொத்தமும் தன் சொந்தச் சொத்து என்று நம்பி வாழ்ந்த மனிதர் ஒருவரே ஒருவர்தான். அவரிடம் சிக்கிச் சீரழிந்தவன் நான்.

தாம்சன் ரோட்டுப் பக்கத்து நீர்த்தேக்கத்தில் அவர் ஜாகா, அதாவது காவல்காரர். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும். அதனால் விசிலார். நீந்தாதே, குளிக்காதே என்று அங்கே பலகை இருந்தது. பலகையில் இருந்தது பாதிச் சட்டம். மீதி அவர் வாயில் இருந்தது. கரையில் உட்கார்ந்து காலை நனைத்த புதுப்பெண்ணிடம், "காலை எடும்மா! நாளைக்கு உங்க வீட்டு ரசத்துலயே வரும்" என்பார். தண்ணீர் குடிக்க வந்த குரங்குக்கும் விசில். லீவு நாளில் எங்கள் தேக்கா வட்டாரத்துக் காப்பிக்கடைக்கு வந்தால் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "நம்ம தண்ணி. சுத்தமா இருக்கு" என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்வார்.

அறுபதுகளின் தொடக்கம். நான் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவன். எங்கள் கால்பந்துக் குழுவுக்குச் செயலாளரும் நானே. செயலாளர் என்றால் பந்துக்குக் காற்றடிப்பவன் என்று பொருள். பல வருஷம் உதை வாங்கிய பிறகு ஒரு வெள்ளிக் கோப்பை ஜெயித்தோம். தேக்கா மளிகைக்கடை முதலாளி, காலமான தம் அப்பாவின் பெயரைப் பொறித்துக் கொடுத்த சுழற்கோப்பை. அடுத்த வருஷப் பந்தயத்தன்று மேசையில் திருப்பி வைத்தாக வேண்டும். கொடுக்கும்போதே முதலாளி கண் கலங்கி, "இது கப்பு இல்ல தம்பி, எங்கப்பா" என்றார். "நான் பொறுப்பு" என்று நெஞ்சைத் தட்டினேன்.

மறுநாளே நீர்த்தேக்கக் கரையில் பிக்னிக். கோப்பையில் ரோஸ் சிரப் கலக்கி ஆளுக்கொரு வாய் குடித்தோம். பிசுபிசுக்கிறதே, அலசலாம் என்று கோல்கீப்பர் சாமி கரைச் சரிவில் இறங்கிக் குனிந்தான். எங்கிருந்தோ விசில் அலறியது. பந்தயம் முழுக்க எதையும் நழுவவிடாத கை அப்போது நழுவவிட்டது. கோப்பை கற்களில் டங் டங்கென்று உருண்டு, குளுக்.

சாமி சட்டையைக் கழற்றினான். மறுபடி விசில்.

"தண்ணில கால வெச்ச, போலீஸுதான்!"

"கப்பு விழுந்துடுச்சுண்ணே!"

"எச்சிக் கப்பா? ஊரே குடிக்கிற தண்ணில எச்சிக் கப்பப் போட்டுட்டுப் பேச்சா?"

"நீங்க ஊதுனதாலதாண்ணே விழுந்துச்சு!" என்றேன் நான்.

"ஊதுறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

சாமி சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டான்.

கடற்படைத் தளத்தில் முக்குளிக்கும் வேலை பார்த்த காதர் பாயைப் பிடித்தேன். முதுகில் காற்றுச் சிலிண்டர், முகத்தில் கண்ணாடி, காலில் வாத்துக்கால் போல ரப்பர் என்று வந்து இறங்கினார். "கொஞ்ச நேர வேலை லா" என்றார். விசிலார் அவரைக் கோயில் சுற்றுவது போல ஒரு சுற்று சுற்றினார்.

"உள்ள போயி மூச்சு விடுவீங்களா பாய்?"

"விடாம?"

"அந்தக் குமிழி எங்க போகும்?"

"மேல வரும்."

"எல்லாமே வருமா? ஒண்ணு ரெண்டு பைப்புக்குள்ள போச்சுன்னா? தேக்காவுல ஒருத்தன் டீ குடிப்பான், உள்ள உங்க மூச்சு!"

காதர் பாய் சிலிண்டரைக் கழற்றினார். "இவரு சட்டம் பேசல தம்பி, வேற என்னமோ பேசுறாரு" என்று வந்த லாரியிலேயே ஏறிவிட்டார்.

அதன் பிறகு மளிகைக்கடையைக் கடப்பதே தண்டனை.

"அப்பா எப்படி இருக்காங்க தம்பி?"

"குளிர்ச்சியா இருக்காங்க முதலாளி."

"நல்லாப் பாத்துக்கிறீங்கள்ல?"

"தெனமும் குளிப்பாட்டுறோம்."

அப்பாவைத் தண்ணீரில் போட்டவன் என்று சிராங்கூன் ரோடே கைகொட்டிச் சிரிக்கப்போகும் நாளை நினைத்தால் சோறு இறங்காது. ஞாயிறுதோறும் போய்க் கெஞ்சினேன். கரைக் கல்லில் யாரோ அடித்திருந்த ஒரு சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்றபடி விசிலார் பதில் சொல்வார். அங்கே நிற்பதற்கும் ஏதோ சட்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். பதில் எப்போதும் ஒன்றுதான்: "தண்ணி எடுத்தத தண்ணியே குடுக்கும். நீ போயி எடுக்கக்கூடாது." கழுத்தை நெரித்துவிடலாமா என்று தோன்றும். நெரித்தாலும் விசில்தான் ஊதும்.

பிறகு மழை ஏமாற்றியது. குழாயில் முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். வாளியோடு வரிசையில் நின்ற நேரமெல்லாம் அவரைத்தான் திட்டினேன், மழைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்காமலே. பந்தயத்துக்கு முதல் நாள் அச்சக வாசலில் வந்து நின்றார், முழங்கால்வரை காய்ந்த சேறோடு. கையிலிருந்த துண்டை அவிழ்த்தார். உள்ளே அப்பா!

"முங்கல. நீந்தல. தண்ணி எறங்கிப்போச்சு, நடந்து போயி எடுத்தேன். சட்டம் சட்டமா இருக்கு."

"அவ்வளவு பெரிய எடத்துல எப்படிண்ணே தெரிஞ்சுது?"

"விழுந்த அன்னிக்கே நேரா சுண்ணாம்புக் கோடு போட்டு வெச்சுட்டேன்ல? தெனம் அங்க நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். என் ஊதல்லதானடா விழுந்துச்சு."

அவர் முகத்தைப் பார்க்காமல், கோப்பையைக் கழுவுகிற சாக்கில் போய்க் குழாயைத் திறந்தேன். ஊதினார் பாருங்கள், அச்சகமே எழுந்து நின்றது.

"ஊரே வாளியோட நிக்குது, நீ கப்பு கழுவுறியா? துணியில தொட!"

துடைத்த வரை துடைத்தேன். மறுநாள் மேசையில் அப்பா சேற்றுத் திட்டுகளோடுதான் ஏறினார். முதலாளி உற்றுப் பார்த்தார்.

"தெனமும் குளிப்பாட்டுறதாச் சொன்னீங்களே தம்பி?"

"தண்ணிப் பஞ்சம், முதலாளி."

இப்போதும் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கும்போது பின்னால் ஒரு விசில் கேட்காதா என்று காது தேடும். கேட்காது. நானே குழாயை மூடிவிடுவேன்.