ஆண்டவருக்கு போண்டா கிடையாது

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். பசித்துத் தின்றால் அது சாப்பாடாம். பசிக்காமல் தின்றால் வியாதியாம். திண்டிவனத்து டாக்டர் சொல்கிறார்.

"சவுரிராயன், ஈஸ்டருக்குள்ள எடை குறையலன்னா சர்க்கரைக்கு தினம் ஊசிதான்" என்றார்.

ஊசி என்றால் எனக்குக் குலைநடுக்கம். என் மகள் ஆஷ்லினுக்குச் சொட்டு மருந்து விட்டபோதே கண்ணை மூடிக்கொண்டவன் நான். அன்றைக்கே சபதம் எடுத்தேன். இனி இந்த வாய்க்குப் பூட்டு. சபதம் எடுத்த களைப்பு தீர, பஸ் ஸ்டாண்டில் நாலு போண்டா சாப்பிட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறினேன்.

என்னைக் குறை சொல்லாதீர்கள். வயிறு போதும் என்கிறது. கைதான் கேட்பதில்லை. எனக்கு முன்னால் அது போய்விடுகிறது. நடுவில் நான் என்ன செய்ய?

வீட்டில் நுழைந்ததும் என் மனைவி அந்தோணிமேரி மூக்கைச் சுருக்கினாள்.

"இன்னாங்க, சட்டைல எண்ண வாசன?"

"மல்லாட்டை மண்டிக்கு செக்குக்காரன் வந்தான். ஒரசிக்கினு போனான்" என்றேன். வேர்க்கடலை மண்டியில்தான் எனக்கு வேலை.

"செக்குக்காரன் மேல வெங்காய வாசன வருமா?"

"அவன் வெங்காயமும் ஆட்றானாம்."

அவள் சட்டையைக் கழற்றி வாங்கி, இன்னொரு தடவை மோந்து பார்த்துவிட்டுத் துவைக்கப் போட்டாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தொம்மை மாமா என் தோளில் கைபோட்டார். பெரிய வெள்ளிக்கு எங்கள் ஊரில் ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளை நாடகமாகப் போடுவோம். பாஸ்கா என்போம். அதற்கு அவர்தான் வாத்தியார்.

"மாப்ள, சகாய பிரவீன் வேலைக்கு மெட்ராஸ் போய்ட்டான். இந்த வருசம் ஆண்டவர் வேசம் நீதான்."

"மாமா, இந்த ஒடம்பு..."

"ஒடம்ப உடு. மூஞ்சில ஒரு கருண கீது பாரு."

அந்தக் கருணை கண்ணாடியில் எனக்கு அடிக்கடி தெரிந்ததுதான். ஊர் கண்ணில் பட இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. ஒப்புக்கொண்டேன். தச்சர் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பழைய சிலுவை தாங்காது, புதுசாகப் பனஞ்சட்டத்தில் செய்வோம் என்றார். தொழில் தெரியாதவர்.

இந்த வேஷத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தவக்காலம் நாற்பது நாளும் ஒருசந்தி. ஒரே வேளைச் சோறு, அதுவும் சொந்த வீட்டில். கடைப் பலகாரம் வாயில் பட்டால் ஊருக்கே ஆகாது. இருக்கட்டும், கட்டுப்பாடு ஊரில்தானே. திண்டிவனத்தில் என்னை யாருக்குத் தெரியும்?

மேரி அதற்குள் எனக்கு முள்முடி வைத்துப் போட்டோ எடுத்து, பிளக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டாள்.

"நாலு ஊரு பாக்கட்டுங்க" என்றாள். கட்டின நாளிலிருந்து அவள் என்னை நினைத்து இப்படிப் பெருமைப்பட்டதில்லை.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஜெயம் அக்கா கடைக்குப் போனேன்.

"ரெண்டு போண்டா, அக்கா."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள். நானும் பார்த்தேன். தட்டியில் நான். முள்முடியோடு, கருணையோடு.

"சாமி, நீங்களே இப்டி கேட்டா எப்டி?"

"நான் சவுரிராயன்க்கா."

"ஈஸ்டர் வரைக்கும் இல்ல. எங்க சாமியோ ஒங்க சாமியோ, பாவம் பாவந்தானே. தள்ளி நில்லுங்க, எண்ண தெறிக்குது."

பரோட்டாக் கடையில் நான். பேக்கரியில் நான். சுண்டல் வண்டியில்கூடச் சின்னதாக நான். மாதா கோயில் சுவரில் மட்டும் நான் இல்லை. ஒட்டினவனுக்கு மூளையே இல்லை என்று வழியெல்லாம் திட்டினேன்.

பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு, விழுப்புரம் போய் பஸ் மாறி, திருவெண்ணெய்நல்லூர் போனேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓட்டல் மூலையில் உட்கார்ந்தேன். பரோட்டா வந்தது. சால்னா வந்தது. கை போனது.

"ஐயா, ஆண்டவர்தானே நீங்க?"

எதிரே ஒரு அம்மாள், காய்ச்சல்காரக் குழந்தையோடு. அவள் தலைக்கு மேலே சுவரில் நான்.

"கொழந்த தலைல கைய வெச்சி ஒரு செபம் சொல்லுங்க."

பரோட்டாவைக் கீழே வைத்துவிட்டுச் செபம் சொன்னேன். கண்ணைத் திறந்தால் தட்டைக் காணோம். கடைக்காரர் கைகட்டி நிற்கிறார், "மன்னிச்சிடுங்க சாமி, ஒங்கள சோதிச்சிட்டோம்" என்று.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "மேரி, அவ்ளோ தூரத்துல எவன் ஒட்னது?"

"நாந்தாங்க. பாப்பாவ இடுப்புல வெச்சிக்கினு பஸ்ல போய் ஒட்டிக்கினு வந்தேன்."

"அந்தக் கட ஒனக்கு எப்டி தெரியும்?"

"போன வருசம் அந்த சால்னாவ பத்தி தூக்கத்துல கூட பேசினீங்களே. மத்த கடைங்கள சட்டை சொல்லிச்சி. தொவைக்கிறது நானு. ஜெயக்கா எண்ண ஒரு வாசன, பேக்கரி டால்டா ஒரு வாசன."

"அப்ப என் மூஞ்சில கருண?"

"தொம்ம மாமா அப்டி ஒண்ணும் தெரியலியேன்னாரு. நாந்தான், நல்லா பாருங்க மாமா, கீதுன்னேன்."

இதற்கு மேல் ஒரு மனிதனை அவமானப்படுத்த முடியுமா? பெரிய வெள்ளியன்று சிலுவை சுமந்து மூன்று தடவை விழுந்தேன். மூன்றாவது நிஜம். ஊரே அழுதது. மறுநாள் டாக்டர் என் எடையையும் சர்க்கரையையும் பார்த்துவிட்டு ஊசி வேண்டாம் என்றார். அப்பாடா என்றிருந்தது.

ஈஸ்டர் பூசை முடிந்ததும் முதல் பஸ். நேரே ஜெயம் அக்கா கடை.

"அக்கா, உயிர்த்தாச்சு. நாலு போண்டா."

"மேரி நேத்தே வந்து சொல்லிட்டுப் போச்சி, சாமி. உயிர்த்த ஆண்டவரு மோட்சத்துக்குப் போவ இன்னும் நாப்பது நாளு கீதாமே. அது வரைக்கும் நீங்கதானாம்."

விடுவேனா? வேதம் எனக்கும் தெரியும். உயிர்த்த பிறகு ஆண்டவரே, தின்ன ஏதாவது இருக்கிறதா என்று சீடர்களிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதே பஸ்ஸில் திரும்பி வந்து வாசலிலேயே நின்று கேட்டேன்.

"மேரி, உயிர்த்த ஆண்டவர் சாப்ட்டாரா இல்லியா?"

"சாப்ட்டாருங்க. இல்லன்னு யார் சொன்னது? வந்து ஒக்காருங்க" என்று தயாராக மூடி வைத்திருந்த தட்டைத் திறந்தாள்.

வேதத்தில் உள்ளபடியே, வேகவைத்த மீன், ஒரு துண்டு.