கேட்டுக்குக் கேட்டு நின்ற சைக்கிள்

குமாஸ்தா சரளையில் விழுந்து கிடந்தார். சைக்கிள் அவர்மேல் கிடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பசு அசைபோட்டுக்கொண்டே பார்த்தது. பார்த்தது பசுவாக இருந்ததில் அவருக்கு ஒரு நிம்மதி. ஆபீஸ் ஆள் யாராவது பார்த்திருந்தால் மானம் கப்பலேறியிருக்கும்.

முழங்கையை ஊதிக்கொண்டே போனை எடுத்துப் பார்த்தார். போகிற வழியைக் கோடு போட்டுக் காட்டும் அந்தப் பாழாய்ப்போன செயலி, பழைய ரயில் நிலையத்திலிருந்து முதல் வளைவு வரை ஒரு கோடு போட்டிருந்தது. புழு நெளிந்த அளவு. திங்கட்கிழமை இதை மேலாளரிடம் காட்டுவதும், தானே போய் குடோனில் படுத்துக்கொள்வதும் ஒன்றுதான்.

எல்லாம் மேலாளர் கிளப்பிய வினை. ரயில் நின்றுபோன தடத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு, சரளையைக் கொட்டி, ஓரத்தில் நாலு செடியை நட்டு, 'பசுமைவழி' என்று பலகை மாட்டியிருந்தார்கள். அது ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, கரையோரமாகவே மாட்டுப் பண்ணைகளைச் சுற்றிக்கொண்டு போகும். தார் ரோடு கிடைக்காதவன் சரளையில் போன காலம் போய், தார் ரோடு பிடிக்காதவன் சரளையைத் தேடிப் போகிற காலம் வந்துவிட்டது. அதற்கென்று தனிச் சைக்கிள் வேறு. ஒரு சைக்கிளின் கைப்பிடி, இன்னொரு சைக்கிளின் டயர், விலை மட்டும் இரண்டுக்கும் சேர்த்து.

பம்பு உதிரிபாகம் விற்கிற ஆபீசுக்கு இதெல்லாம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க முடியாது. குடோன் பொறுப்பாளர் ஓய்வு பெறப்போகிறார். அந்த இடத்துக்கு ஒருவரை அனுப்பியாக வேண்டும்.

"சுறுசுறுப்பு இல்லாதவனுக்கு ஆபீஸ் எதுக்கு? குடோன்ல உட்கார்ந்துக்கட்டும்" என்று மேலாளர் சொல்லிவிட்டார். "வாரத்துக்கு ஒரு தடவை எல்லாரும் பசுமைவழியில போகணும். திங்கட்கிழமை போன்ல அந்தக் கோட்டைக் காட்டணும்."

குடோனுக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே ஆளாகப் போன பொறுப்பாளர் கிழங்காகத்தான் வெளியே வரப்போகிறார்.

பால் வண்டி ஒன்று குமாஸ்தாவின் தலைமாட்டில் வந்து நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"விழுந்துட்டீங்களா சார்?"

"இல்ல. பாதை எப்படியிருக்குன்னு பாக்கறேன்."

"படுத்துக்கிட்டா?"

குமாஸ்தா எழுந்தார். வண்டியைப் பார்த்தார். புத்தி நல்ல வழியில் வேலை செய்து அவர் பார்த்ததில்லை; கெட்ட வழியில் பிரமாதமாக வேலை செய்தது.

"இந்த வண்டி எதுவரைக்கும் போகும்?"

"ஆத்தோரமா கடைசிப் பண்ணை வரைக்கும் போய்ட்டு, மத்தியானம் இங்கயே வந்துடும்."

"என் போனையும் கூட்டிட்டுப் போறீங்களா?"

ஓட்டுநர் ஏன் என்று கேட்கவில்லை. சீட்டுக்குப் பின்னால் இரண்டடுக்குத் தட்டு இருந்தது.

"கீழ்த் தட்டுல வைங்க. மேல் தட்டுல வைக்காதீங்க."

"ரொம்ப வேகமாப் போயிடாதீங்க. நான் சைக்கிள்ல போறேனாக்கும்."

"சரளையில வேகமாப் போனா பால் வெண்ணெயாயிடும் சார். கிழவனுங்ககூட என்னை முந்திக்கிட்டுப் போறானுங்க."

மத்தியானம் வரை குமாஸ்தா ரயில் நிலையத்து பெஞ்சில் தூங்கினார். போன் வந்ததும் சட்டையில் கொஞ்சம் மண்ணை அள்ளிப் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மனைவி சட்டையை வாங்கிப் பார்த்தாள். போனை மோந்து பார்த்தாள்.

"ஏங்க, இவ்வளவு தூரம் மிதிச்சா வேர்வை நாத்தமில்ல வரணும்? பால் வாடை வருது."

"வழி நெடுகப் பண்ணைடி."

"போன் மட்டும் பண்ணைக்குள்ள போச்சா? நீங்க வெளிய நின்னீங்களா?"

"உனக்கு எப்பவும் சந்தேகந்தான்."

"எனக்கென்ன வந்தது? குடோனுக்கு மாத்திட்டாங்கன்னு மட்டும் வந்து நிக்காதீங்க. அந்தக் கிரீஸ் நாத்தத்தோட இந்த வீட்டுல இடம் கிடையாது. அங்கேயே ஒரு பாயை விரிச்சுக்குங்க."

திங்கட்கிழமை மேலாளர் அந்தக் கோட்டை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"ஒவ்வொரு பண்ணை கேட்டுலயும் கொஞ்ச நேரம் நின்னிருக்கீங்களே, ஏன்?"

பால் வண்டி பால் வாங்க நிற்கும் என்பது குமாஸ்தாவின் மண்டையில் அப்போதுதான் உறைத்தது.

"மூச்சு சார். பள்ளத்தாக்குல காத்து கனமா இருக்கும். நின்னு நின்னு இழுத்தாதான் நுரையீரல் விரியும்."

மேலாளரின் முகம் மலர்ந்தது. "அதேதான்! நானும் அப்படித்தான் போறேன்."

மேலாளர்களுக்கு அது ஒரு வியாதி. அடுத்தவன் சொல்வது நன்றாயிருந்தால், அதை அவர்கள் நேற்றே செய்து முடித்திருப்பார்கள்.

"இனிமே எல்லாரும் கேட்டுக்குக் கேட்டு நின்னு மூச்சு விடணும்" என்று உத்தரவு போட்டார். மறுவாரமே, ஆளுக்கொரு நாளாகப் போன ஆபீஸ் மொத்தமும் ஒரு கேட் பிசகாமல் நின்றிருந்தது. காசாளர்கூட. மாடியேறவே இரண்டு இடத்தில் உட்காருகிற மனிதர் அவர். மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுக்குப் பேர்தான் ஒழுக்கம்."

இந்தப் பெருமை எங்கே போய் முடியுமோ என்று குமாஸ்தா பயந்தார். ஓட்டுநரிடம் ஓடினார்.

"இந்த வாரம் கொஞ்சம் சுமாராப் போங்க. பேர் ரொம்பக் கெட்டுப்போச்சு. அதாவது, நல்லாயிடுச்சு."

"சரி சார்" என்றார் ஓட்டுநர். அன்றைக்குப் பார்த்து ஆற்றுப் பாலத்தில் பராமரிப்பு வேலை. வண்டி மேட்டுச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. பள்ளத்தாக்கிலேயே செங்குத்தான ஏற்றத்தில் குமாஸ்தா வேகம் குறையாமல் ஏறியதாகச் செயலி அறிவித்து, அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கிரீடத்தையும் மாட்டியது.

மேலாளர் பூரித்துப்போய் அதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். பதிலைப் படித்ததும் பூரிப்பு சற்று வடிந்தது.

"மொத்த ஆபீசும் சேர்ந்து போற கோடு ஒண்ணு கேட்டிருக்காங்க" என்றார். "வர்ற ஞாயித்துக்கிழமை."

ஆபீசில் ஒருத்தர்கூட மூச்சு விடவில்லை. மூச்சுப் பயிற்சியெல்லாம் என்னவாயிற்றோ.

"முன்னால யாரு போறது?" என்று காசாளர் ஈனக்குரலில் கேட்டார்.

"வேற யாரு? கிரீடக்காரர்தான்."

ஞாயிற்றுக்கிழமை குமாஸ்தா முழங்காலில் துணிக்கட்டோடு வந்தார். பூசணிக்காய் அளவுக்குச் சுற்றியிருந்தார். கொஞ்சமாகக் கட்டினால் யாரும் நம்பமாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

"அடடா, அடிபட்டிருக்கா?" மேலாளர் துள்ளாத குறை. "நீங்க மெதுவா வாங்க. நான் துணைக்குப் பின்னாலயே வர்றேன். மத்தவங்க முன்னால போகட்டும்."

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்? நீங்க போங்க."

"சேச்சே. அடிபட்ட ஆளை விட்டுட்டுப் போறவனா நான்?"

மற்றவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. விட்டால் போதும் என்று முதல் வளைவில் திரும்பி மறைந்தார்கள்.

குமாஸ்தா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். மேலாளரும் அவருக்கு மரியாதையாகத் தள்ளிக்கொண்டே நடந்தார். வளைவுக்கு இந்தப் பக்கமே நிழல் கண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"சரளைக்கு டயர்ல காத்து கம்மியா இருக்கணும்" என்று மேலாளர் காற்றை இறக்க ஆரம்பித்தார். "இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்." கடைசியில் டயர் தோசையாகத் தரையில் படிந்தது. "அடடா, கொஞ்சம் ஜாஸ்தி இறங்கிடுச்சோ?"

"பம்பு இல்லையா சார்?"

"பம்புக் கம்பெனி மேலாளர் பம்பைத் தூக்கிட்டு அலைய முடியுமா?" மேலாளர் சட்டென்று விறைப்பானார். "நீங்க நல்ல மனுஷர்தான். ஆனா தலைமை அலுவலகத்துக்கு ஒரு பேர் குடுத்தே ஆகணும். இன்னைக்கு யார் கோடு பாதியில நிக்குதோ, அவர்தான் நாளையிலிருந்து குடோன்ல."

குமாஸ்தாவின் பையில் போன் கனத்தது. அதில் கோடு முதல் வளைவைக்கூடத் தொடவில்லை. கண்முன் ஒரு பாய் விரிந்தது. கிரீஸ் வாடை இப்போதே மூக்கில் ஏறியது.

அப்போதுதான், காலையிலேயே கிளம்பிப் போயிருந்த பால் வண்டி வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து பின்னோக்கியே உருண்டு வந்து, அவர்கள் எதிரில் நின்றது.

குமாஸ்தா துள்ளி எழுந்தார். மேலாளரின் முதுகுக்குப் பின்னால் நின்று ஓட்டுநரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். வாயில் விரல் வைத்துக் காட்டினார். மேலாளரும் ஏனோ தலையை இப்படியும் அப்படியும் வெடுக் வெடுக்கென்று ஆட்டினார். ஆற்றோரம், கொசு இருக்கும்.

ஓட்டுநர் இரண்டையும் கவனிக்கவில்லை. கையை மட்டும் வெளியே நீட்டினார்.

"சீக்கிரம் குடுங்க சார், வெயில் ஏறினா பண்ணையில பால் திரிஞ்சுடும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற உங்க ஆளுங்க எல்லாரும் குடுத்துக் கீழ்த் தட்டு ரொம்பிப்போச்சு. மேனேஜர் சார், உங்க போன் மட்டும் வழக்கம்போல மேல் தட்டுலதானே?"