புரட்டாசி முடிந்த ஞாயிறும் ஆராய்ச்சி மீனும்

புரட்டாசி முழுக்க மீன் வாசனையே இல்லாமல் காய்ந்து கிடந்த வீட்டின் ஃப்ரிட்ஜில், மாதம் முடிகிற அன்றைக்கு மீனை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவனை என்ன சொல்வது? எங்கள் வீட்டில் அவனுக்கு 'சயின்டிஸ்ட்' என்று பெயர். (பட்டம் கொடுத்தது என் தங்கை.)

அப்போதுதான் படிப்பை முடித்து ஓர் ஆய்வுத் திட்டத்தில் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். கடல் இப்படியே சூடேறிக்கொண்டு போனால் எந்த மீன் முதலில் அடிபடும், எந்தக் குப்பத்தின் பிழைப்பு போகும் என்று கணிப்பதுதான் வேலை. அதற்காகக் கானாங்கத்தை மீனின் வயிற்றைக் கிழித்து, வழக்கமான காலத்தில்தான் சினை பிடிக்கிறதா, முன்னே பின்னே ஆகிறதா என்று வாராவாரம் பார்க்க வேண்டும். கடலே என்னை நம்பித்தான் அலையடிக்கிறது என்கிற நினைப்பில் திரிந்த நாட்கள் அவை.

அந்தச் சனிக்கிழமை திட்டத்துக் காசில் கோவளத்தில் மீன் வாங்கி, ஐஸ் பெட்டியோடு தாம்பரம் வருவதற்குள் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். பேராசிரியருக்குப் போன் போட்டேன்.

"வீட்டு ஃப்ரிட்ஜ்ல வைப்பா. காலைல நானே வந்து எடுத்துக்கறேன். இந்த வார மீன் போச்சுன்னா இத்தனை நாள் பாத்ததெல்லாம் வீண். உன் வேலையும் போச்சு" என்றார்.

இரும்புலியூர் வீட்டில் மாவுக்கும் மல்லிகைப்பூவுக்கும் நடுவில் இடம் பண்ணி வைத்தேன். ஒரு லேபிள் ஒட்டினேனா? இல்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னேனா? அதுவும் இல்லை.

காலையில் மீன் பொரிகிற வாசனைதான் எழுப்பியது. ஒரு மாசம் கழித்து வருகிற வாசனை. கண்ணைத் திறக்காமல் சற்று நேரம் அனுபவித்தேன். பிறகுதான் அது எந்த மீன் என்று உறைத்தது; அடுப்படிக்கு ஓடினேன்.

"இன்னாடா, சொல்லாம கொள்ளாம வாங்கி வச்சிருக்க? மொத சம்பளம்னு வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?" அம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. மார்க்கெட்டுக்குக் கிளம்பிய அப்பா பையை மடித்து வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம், "பையனே வாங்கியாந்துட்டான்" என்று ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். இதற்குமேல் எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

பேராசிரியர் காலி ஐஸ் பெட்டியோடு வந்து நின்றார். அம்மா அவரை விடவில்லை. "உக்காருங்க சார். புள்ள மொத சம்பளத்துல வாங்கியாந்த மீனு. ஒரு வாய் சாப்டுட்டுதான் போவணும்."

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சுவர் காலண்டரைப் பார்த்தேன். உட்கார்ந்தார். தனியாக வறுத்திருந்த சினையை விரலால் புரட்டி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்து, பிறகு வாயில் போட்டுக்கொண்டார். அந்த வார ஆய்வு அதோடு முடிந்தது.

வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் பேசினார். "ரெண்டாவது துண்டு நானே கேட்டு வாங்கிட்டேன். இனிமே உன்ன எப்படித் திட்டறது? நாளைக்கு விடியறதுக்குள்ள கோவளம் போ. அதே மீன், அதே அளவு. உன் காசுல."

போனேன். புரட்டாசி முடிந்த கிராக்கியில் மீன் விலை தலை சுற்ற வைத்தது. வேலை தப்பியது, முதல் சம்பளம் தப்பவில்லை.

அப்பா இப்போது இல்லை. அன்றைக்கு அவர் மீன் தலையை எடுத்துக்கொண்டு, "பையன் வாங்கினதுடி" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னதை நினைத்தால், சம்பளம் போனால் போகட்டும் என்றுதான் இருக்கிறது.

ஓய்வு பெற்றுச் சிட்லபாக்கத்தில் இருக்கிற பேராசிரியர் போன வருஷம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். "அன்னிக்கு மாதிரி ருசி வரல, இல்ல சார்?" என்றாள் அம்மா.

"எப்படிம்மா வரும்? அது ப்ராஜெக்ட் மீனாச்சே." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ மொத சம்பளம் இன்னாடா ஆச்சு?"

"மீனுதாம்மா வாங்கினேன்" என்றேன். சத்தியமான உண்மை. ஒருத்தரும் நம்பவில்லை. இப்போதெல்லாம் வீட்டில் சீப்போ கத்திரிக்கோலோ காணாமல் போனால் அம்மா தேடுவதே இல்லை. "ஆராய்ச்சிக்குப் போயிருக்கும், அவனக் கேளு" என்கிறாள்.